முதலாளியின் கார் சாமியாடிய நாள்

ஓடுகிற காரில் உட்கார எனக்குப் பயமில்லை. நிற்கிற காரில்தான் பயம். என் மகள் எவ்வளவு வேகமாகப் போனாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவேன். (இது பொய். எண்பதைத் தாண்டினாலே குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன். ஆனால் வாய்க்குள்.) சிக்னலில் வண்டி நின்று, எஞ்சின் சும்மா ஓடத் தொடங்கியதும்தான் வம்பு. என் உள்ளங்கை தானாகப் போய் டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும். ஏதாவது நடுங்குகிறதா என்று தடவிப் பார்க்கும்.

“அம்மா, கையை எடு. இது காரு, காய்ச்சல் வந்த குழந்தை இல்ல” என்பாள் மகள்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்கள் மட்டும் தெரியாமல் இருப்பானேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் சேர்ந்தேன். லாரிக்கு புஷ், பம்ப்செட்டுக்கு வாஷர் என்று கறுப்பாகவும் வட்டமாகவும் இருக்கும் எதையும் அங்கே செய்வார்கள். தரம் பார்ப்பது என் வேலை. ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்க ஒரு மீட்டரும், ‘ஓகே’ என்று பொறித்த ஒரு முத்திரையும் கொடுத்திருந்தார்கள். அந்த முத்திரையைக் கையில் பிடித்ததும் எனக்கு வந்த கர்வத்தை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. (ஒரு நாள் ஆர்வத்தில் என் சாப்பாட்டு டப்பாவுக்கும் குத்திவிட்டேன்.)

ஆனால் வேலை தற்காலிகம். ஆறு மாதம் பார்த்துவிட்டு, ஆயுத பூஜை அன்று நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் நைனாவும் அதே நாளைக் கெடுவாக வைத்திருந்தார்.

“ஆயுத பூஜைக்குள்ள நெரந்தரம் ஆச்சின்னா போ பாப்பா. ஆவலன்னா ஊட்ல இரு. நான் மாப்ள பாக்கறேன்.”

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லாரும் குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நைனாதான் முதன்முதலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் நுழைந்தவர். ஒரு ஃபேக்டரியில் சுமை ஏற்றும் வேலை. பிரஸ் மெஷினில் விரல் போனவர்களைக் கண்ணால் பார்த்தவர். பெண்ணைப் பத்து விரலோடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கவலை.

இப்போது காருக்கு வருகிறேன். முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது தொழிற்பேட்டைக்குள் வந்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட காருக்கு ஒரு சீக்கு வந்தது.

“ஓடசொல்லோ பட்டு மாதிரி போவுது சார்” என்றார் டிரைவர் ஏழுமலை அண்ணன். “கேட்டாண்ட நின்னாதான் ஒதறுது.”

“எனக்குத் தெரியாதா? கேட்ல பத்து நிமிஷம் நின்னா பல்லெல்லாம் தந்தி அடிக்குது” என்றார் முதலாளி.

அம்பத்தூர் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் என்பது குறைந்தபட்சம். மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் போய்விட்டது, புதிது கப்பலில் வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“ரப்பர்தானே சார். நாமளே செஞ்சிடலாம்.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செஞ்சிடுவியா?”

“செஞ்சிடுவேன் சார்.”

பழைய மவுண்ட்டை மேஜைமேல் வைத்து ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே வெற்றிடம். அதிலிருந்து கொழகொழவென்று கொஞ்சம் திரவம் வழிந்தது. எங்கிருந்தோ ஆயில் ஒழுகி உள்ளே புகுந்து ரப்பரைக் கெடுத்திருக்கிறது என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன். துடைத்துத் தூக்கிப் போட்டேன். வெற்றிடமே இல்லாமல், முழுசாக, கெட்டியாகச் செய்வது என்று முடிவு.

எவ்வளவு கெட்டி? இங்கேதான் என் இருபத்தொரு வயது வேலை செய்தது. பொம்பளை செய்த சாமான் கொழகொழவென்று இருக்கிறது என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது. அதனால் கம்பெனியில் இருந்ததிலேயே கெட்டியான கலவையை எடுத்தேன். லாரிக்கே அது கொஞ்சம் அதிகம். வார்த்து முடித்து மீட்டரை அழுத்தினால் ஊசி உள்ளே இறங்க மறுத்தது. பெருமை தாங்கவில்லை. ‘ஓகே’ குத்தினேன். நல்லா அழுத்தி, இரண்டு முறை.

மாட்டியானதும் ஏழுமலை அண்ணனோடு ஓட்டிப் பார்க்கப் போனேன். எஞ்சின் குளிர்ந்திருந்ததால் கிளப்பியதும் வேகமாகவே சுற்றியது. உதறல் தெரியவில்லை. பக்கத்து ஊரான பாடி வரை போனோம். பட்டு. திரும்பினோம். பட்டு. கொஞ்சம் இரைந்தது, அதை வீரம் என்று எடுத்துக்கொண்டேன். வருஷம் முழுக்க மூடிக்கிடக்கும் ரயில்வே கேட் அன்றைக்குப் பார்த்துத் திறந்திருந்தது. கம்பெனி வாசலில் சக்கரம் நின்ற நொடியே சாவியைத் திருப்பிவிடுவது ஏழுமலை அண்ணனின் பழக்கம். ஆக, நிற்கும்போது உதறுகிற காரை நாங்கள் நிற்க வைத்துப் பார்க்கவே இல்லை.

“சூப்பரா கீதும்மா” என்றார்.

மறுநாளே ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் நைனா சலவை வேட்டியில் வந்து, பொரிப் பொட்டலம் வாங்காமல், ஓரமாக நின்றார். தீர்ப்பு தெரியாமல் பொரி வாங்கமாட்டார் போல. நடுவில் வெள்ளைக் கார். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி அதிகாரி ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார்.

“எஞ்சின் மவுண்ட் இங்கயே செஞ்சது சார். இதோ இந்தப் பொண்ணு” என்று முதலாளி என்னைக் காட்டினார். “ஏறுங்க, உள்ள வந்து உக்காந்து பாருங்க.”

இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். பக்கத்துக் கோயில் வரை ஒரு சுற்று போய் வந்தார்கள். நான் நைனாவைப் பார்த்துச் சிரித்தேன். திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிறுத்தி, பிரேக் போட்டு, விருந்தாளி பார்க்கட்டும் என்று முதலாளி சொன்னதால் எஞ்சினை ஓடவிட்டபடியே ஏழுமலை அண்ணன் இறங்கினார். விபூதி, குங்குமம், எரியும் கற்பூரம் வைத்த பித்தளைத் தட்டை பானெட்மேல் வைத்தார்.

எஞ்சின் இப்போது நன்றாகச் சூடாகி, நிதானமாக, ஒவ்வொரு துடிப்பாக ஓடியது.

முதலில் தட்டு ஒரு மாதிரி முனகியது. பிறகு நடக்க ஆரம்பித்தது. குங்குமம் கோடு கோடாகப் பிரிந்து, யாரோ கோலம் போட்டதுபோல வளைந்து நின்றது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த குட்டிப் பிள்ளையாரின் மணி தானாக அடித்தது. வாழைக்கன்றுகள் இரண்டும் தலைவிரித்து ஆடின. உள்ளே விருந்தாளியின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. முதலாளி ஏதோ சொன்னார். “நி நி நி நி” என்றுதான் வெளியே கேட்டது.

“ஐயா, காரு சாமியாடுது” என்றார் ஏழுமலை அண்ணன். சாவியைத் திருப்பத் தோன்றாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் போட்டதும் பத்துப் பேர் போட்டார்கள். ரப்பர் பிசிறு வெட்டும் காசியம்மா முன்னால் வந்து கை கூப்பினாள். நல்ல மனசு அவளுக்கு. எனக்காகத்தான் கேட்டாள்.

“ஆத்தா, இந்தப் பொண்ணு இங்க வேலையில நிக்குமா, சொல்லு.”

கார் இடமும் வலமுமாக ஆடியது. இல்லை, இல்லை, இல்லை என்று.

தட்டு பானெட்டிலிருந்து குதித்துக் கீழே விழுந்த சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் அடங்கியது. முதலாளி இறங்கினார். அவர் கன்னம் மட்டும் இன்னும் இரண்டு முறை ஆடியது.

“ஏழுமலை, வண்டிய என்னடா பண்ண?”

அவர் திருதிருவென்று விழித்தார். பழி அவர்மேல் போய் உட்கார இன்னும் அரை நிமிடம் போதும். நைனா பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“நான் பண்ண தப்பு சார். ரப்பரை ரொம்பக் கெட்டியா செஞ்சிட்டேன். அதான் எஞ்சின் ஒதறல் அப்படியே வண்டி பாடிக்கு வருது.”

விருந்தாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “பாஸ் பண்ணது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“நிக்க வெச்சுப் பாத்தியா?”

“இல்ல சார். ஓட்டித்தான் பாத்தேன்.”

கற்பூரம் தரையில் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

“முதல்ல காரு ஆடாம நிக்கட்டும்” என்றார் முதலாளி. “அப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசலாம்.”

நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் கூடவே நடந்தேன். ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது. (இப்போது மூடி என்ன பிரயோஜனம்.)

“அத்தினி பேரு முன்னால கையத் தூக்குனியே, இன்னாத்துக்கு?”

“தப்பு நான்தானே நைனா பண்ணேன்.”

“எங்க ஃபேக்டரில கிரேன் சங்கிலி அறுந்து உயுந்தப்போ ஒருத்தனும் கையத் தூக்கல.” ரயில் போய் முடியும் வரை காத்திருந்தார். “பொங்கல் வரிக்கும் பாரு.”

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு தனிக் கதை. விருந்தாளியையே போய்க் கேட்டேன். சிரிக்காமல் சொன்னார்: அந்தத் திரவம் ஒழுகி வந்ததில்லை, உதறலை அடக்குவதற்காக உள்ளேயே வைத்து மூடியது. பாதி கசிந்துபோனதுதான் காரின் சீக்கு. அப்படித் திரவம் வைத்து மூட எங்களிடம் வசதி கிடையாது. அதனால் ரப்பரை இளக்கிக்கொண்டே போனேன். ஒன்று அதிகமாக இளகி எஞ்சினே தொங்கிப்போனது. ஒவ்வொன்றையும் மாட்டி, ஏழுமலை அண்ணனோடு ரயில்வே கேட்டுக்குப் போவேன்.

“ஊரே கேட்டு தொறக்கணும்னு வேண்டிக்கினு கீது. நீ மூடணும்னு வேண்டிக்கினு கீற” என்பார் அவர்.

பதினோராவது மவுண்ட். போகிக்கு இரண்டு நாள் முன்பு. கேட் மூடியிருக்க, எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நைனா. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். என்னைப் பார்த்துவிட்டு, பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“வண்டிய ஆஃப் பண்ணிட்டியா ஏழுமல?”

“ஓடிக்கினுதான் கீது அண்ணாத்தே.”

நைனா குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். மறுபடி கையை வைத்தார். கேட் திறந்து பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தும் எடுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “மாப்ள கீப்ளன்னு யாராண்டயும் சொல்லி வெக்காத, பாப்பாக்கு வேல கீது” என்றாராம். முதலாளியின் கடிதம் அதற்குப் பிறகு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது.

அந்தப் பதினோராவது மவுண்ட் எட்டு மாதத்தில் கிழிந்தது. கப்பலில் வந்ததை மாட்டிக்கொண்டார்கள். முதல் மவுண்ட், அதுதான் அந்த வீரமான மவுண்ட், இன்றும் எங்கள் வாசல் கதவுக்குத் தடையாகக் கிடக்கிறது. ஒரு கீறல் இல்லை. என் இரண்டு ‘ஓகே’யும் அப்படியே தெரிகின்றன.

எங்கள் வீட்டில் யார் கோபத்தில் குதித்தாலும், “ஏழுமல, சாவியத் திருப்பு” என்று ஒரு குரல் வரும். போன ஆயுத பூஜைக்கு மகளின் புதுக் காருக்குப் படைத்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்மேல் வைத்த தட்டை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா, விடு. விழாது.”

விட்டேன். தட்டு அசையவில்லை. மகள் குனிந்து பானெட்டிடம் பவ்யமாகக் கேட்டாள்: “ஆத்தா, எங்கம்மா இந்த வருஷமாவது வேலைய விட்டுட்டு ரெஸ்ட் எடுப்பாங்களா, சொல்லு.”

கார் நல்ல கார். ஆடவே இல்லை. அதனால் நான் ஆட்டினேன், என் தலையை. இடமும் வலமுமாக.