பயாஸ் தாதா திருப்பி வைக்க மறந்த வருடம்

கல்கத்தாவில் நான் சந்தித்த மனிதர்களில் மிகவும் ஆபத்தானவர் யார் என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பயாஸ் தாதா என்பேன். கத்தி எடுத்தவர் இல்லை. கட்சிக்காரர் இல்லை. சைவச் சாப்பாடு, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், கையில் எப்போதும் ஒரு குடை. ஆனால் அந்த மனிதரை ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் தனியாக விட்டால், ஆறாவது நிமிடம் அதைச் செய்த கம்பெனிக்கே அதை அடையாளம் தெரியாது.

தாதா என்றால் நம்மூர் சினிமாவில் வெள்ளை அம்பாசிடரில் வந்து இறங்குகிறவர் இல்லை. வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பயாஸ் என்பது, கம்ப்யூட்டர் கண் விழிக்கிற ஒன்றிரண்டு நொடிக்குள் டிலீட் பொத்தானைத் தட்டினால் திறக்கிற நீலத் திரை. தேதி, நேரம், இயந்திரத்தின் அடிப்படை சமாசாரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். சாதாரண மனிதர்கள் ஆயுளில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் சௌக்கியமாக இருந்துவிடுகிற இடம். இவர் தினமும் காலையில் அங்கே ஒரு நடை போய்விட்டு வந்துதான் டீ குடிப்பார். உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் யாரும் அதை உபயோகித்து நான் பார்த்ததில்லை.

எங்களுடையது அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகம். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஆறு மாதம். மனைவிக்கு ஊரில் டீச்சர் வேலை. விட்டுவிட்டு வர முடியாது. மூன்று வருடம் முடித்தவர்கள் சொந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதம் மட்டும் என்பது விதி. அந்த மூன்று வருடத்தை டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில், தினக்காலண்டரைக் கிழித்துக் கிழித்தே கழித்தேன். எனக்கு அந்த ஊரில் வேறு லட்சியம் எதுவும் கிடையாது. ஆகையால் இதைப் படித்துவிட்டு, "கல்கத்தாவைப் பற்றி இன்னும் அன்பாக எழுதியிருக்கலாமே" என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

பயாஸ் தாதா லேக் மார்க்கெட் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் பக்கத்து மேஜை. நான் சேர்ந்த முதல் நாளே தம் தத்துவத்தைச் சொல்லிவிட்டார்.

"கம்பெனிக்காரன் நமக்குக் காட்டறது பாதிதான் சார். பாக்கியெல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்."

"எதுக்கு தாதா ஒளிக்கணும்?"

"அரே பாபா, அதைத்தானே நானும் கேக்கறேன்!"

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் மஜும்தார் பாபு நிதானமான மனிதர். மெனுவின் மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு, அது விரிவதற்குள் ஒரு வாய் டீ குடித்துக்கொள்வார். இந்த அவலத்தைப் பொறுக்காத பயாஸ் தாதா, ரெஜிஸ்ட்ரி என்கிற பாதாள அறைக்குள் இறங்கி, மெனு விரிகிற தாமதத்தைச் சைபராக்கினார். மறுநாள் அம்புக்குறி பக்கத்தில் போனதுமே மெனுக்கள் சடசடவென்று விரிந்தன. மஜும்தார் பாபு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒரு வாரம் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை. "வேகமாக்கிக் குடுத்தா கோச்சுக்கறார் சார்" என்று தாதாவுக்கு ரொம்ப வருத்தம்.

அடுத்தது பிரிண்டர். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டு ஸ்விட்ச் போட்டால் அதற்குள்ளும் ஒரு ரகசியப் பட்டியல் வருமாம். போய், மையை மிச்சம் பிடிக்கும்படி மாற்றிவிட்டார். கடிதங்கள் வெளிறிப்போய் வந்தன. எங்கள் துணை இயக்குநர் ஒரு கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடிக்கும் கடிதம் தெரியவில்லை.

நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். என் தலையில் விடிகிற வரைக்கும் எல்லாமே தமாஷ்தான்.

அது பஞ்சாங்கத்தில் ஆரம்பித்தது. ஊரிலிருந்து வருகிற பஞ்சாங்கமும் காலண்டரும் நம்மூர் சூரியனுக்குக் கணக்குப் போட்டவை. கல்கத்தாவில் கோடைக்காலத்தில் சூரியன் முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொண்டு உதித்துவிடும். நம்மூர் நல்ல நேரத்தை நம்பி அங்கே பால் காய்ச்சினால் ராகுகாலத்தில் பொங்கும். லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு தீராத தலைவலி. பயாஸ் தாதா எங்கிருந்தோ ஒரு பஞ்சாங்க சாஃப்ட்வேர் கொண்டுவந்தார். ஊர் கல்கத்தா என்று கொடுத்தால் கல்கத்தா சூரியனுக்கே கணக்குப் போட்டுத் தரும்.

ஒரே ஒரு சிக்கல். அது முப்பது நாள் மட்டும் ஓடுகிற சோதனைப் பதிப்பு. முந்தின வருடம் ஜூனில் போட்டது, ஜூலையிலேயே படுத்துவிட்டது. ஒழுங்காக ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கிவிட்டால் அவருக்கு அதில் என்ன சுவாரசியம்? யாராவது நல்ல நேரம் கேட்டு வந்தால், நீலத் திரைக்குள் போய்த் தேதியை அந்தப் பழைய ஜூனுக்குத் தள்ளுவார். சாஃப்ட்வேர் தனக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று நம்பி எழுந்து உட்காரும். கேட்ட நாளைக் கொடுத்துக் கணக்கை வாங்கிக்கொண்டு தேதியைத் திருப்பி வைத்துவிடுவார். அந்த விஷயத்தில் ஒழுங்கானவர்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு மூன்று வருடம் முடிந்தது. ஜூன் வந்தது. அலுவலக கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பத்தைத் தட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து மனைவியோடு பேசினேன்.

"கேட்டியளா, சும்மா கொண்டு போயி குடுத்துராதிய. நல்ல நேரம் பாத்துக் குடுங்க. விஜயதசமிக்குப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நீங்கதான் மடியில வச்சு 'அ' எழுத வைக்கணும்."

நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் எனக்குக் கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் மாற்றல் விஷயத்தில் விஷப்பரீட்சை செய்ய யாருக்குத் தைரியம் வரும்? மறுநாள் காலை நானே போய் பயாஸ் தாதாவிடம் கேட்டேன். இதை மறைத்து எழுதினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது.

"தாதா, விண்ணப்பம் குடுக்க ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க."

அவருக்கு முகமெல்லாம் பல். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். டிலீட், நீலத் திரை. ஜூன் மாதமாகவே இருந்ததால் வருடத்தை மட்டும் ஒன்று குறைத்தால் போதும், ஒரு தட்டு. கணக்கு வந்தது.

"பத்தே காலுக்கு மேல, பதினொண்ணுக்குள்ள குடுத்துடுங்கோ. ஃபஸ்ட் கிளாஸ் நேரம். விஜயதசமிக்கு ஊர்ல இருப்பேள்."

அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்தேன். எங்கள் படிவத்தில் தேதி நாம் அடிப்பதில்லை. பிரிண்ட் எடுக்கிறபோது கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். பெயர், பதவி, மனைவியின் பள்ளி எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்தேன். தேதியில் நாளும் மாதமும் கண்ணில் பட்டன, சரியாக இருந்தன. வருடத்தை யார் சரிபார்ப்பார்கள்? பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மஜும்தார் பாபுவும் போட்டார்.

ஆகஸ்டில் தில்லியிலிருந்து பதில் வந்தது. விண்ணப்பத்தில் கண்ட தேதியில் மனுதாரர் இரண்டு வருடமே முடித்திருக்கிறார், ஆகவே தகுதியில்லை, அடுத்த ஜூனில் விண்ணப்பிக்கலாம். மஜும்தார் பாபு இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டு, என் விண்ணப்பத்தின் நகலை எடுத்து மேல் மூலையில் விரலை வைத்தார்.

நான் பயாஸ் தாதாவின் மேஜைக்குப் போனேன். அவரோடு பேசுகிற மரியாதைத் தமிழெல்லாம் மறந்து ஊர்ப்பேச்சுதான் வந்தது.

"என்னவே பண்ணி வச்சிருக்கீரு? எம் பிள்ளைக்கு நான் என்னவே பதில் சொல்ல?"

கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"வருஷத்தைத் திருப்பி வெக்கத்தான் எழுந்து வந்தேன் சார். அதுக்குள்ள டீ வந்துடுத்து."

ஒரு மண்குவளை டீக்காக என் ஒரு வருடம் போயிற்று.

அவர் அன்றே உட்கார்ந்து தில்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்ப்யூட்டருக்குள் போய் வருடத்தை மாற்றியது நான்தான், மனுதாரர் மேல் தவறில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி, மஜும்தார் பாபு கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தும் கேட்காமல் அனுப்பினார். தில்லி உடனே நடவடிக்கை எடுத்தது. விண்ணப்பத்தின் மேல் இல்லை, இவர் மேல். எழுத்து மூலம் கண்டனம். இனி எந்தக் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது. மாடிப்படிக்குக் கீழே தபால் பதிவேட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள். என் விஷயத்தில் மட்டும், விண்ணப்பத்தில் கண்ட தேதியே இறுதியானது என்று ஒற்றை வரி வந்தது.

எனக்கு அவர் மேல் துளி இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேச்சை நிறுத்திக்கொண்டேன். விஜயதசமி அன்று ஊரில் என் மச்சினன் மடியில் உட்கார்ந்து என் மகள் 'அ' எழுதினாள். நான் டாலிகஞ்சில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்; தெருவில் துர்க்கையைக் கரைக்கக் கொண்டுபோகிற மேளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. விடுமுறை முடிந்து அலுவலகம் போனதும் பயாஸ் தாதா சந்தேஷ் இனிப்பு டப்பாவை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மொபைல் போன் வாங்கினேன். தினமும் நாலரை மணிக்கு வராந்தாவில் நின்று மகளோடு பேசுவேன். பேசுவேன் என்பது பெயருக்கு. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும் குரல். அவள் மழலையில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவாள், நான் "என்ன? என்னம்மா? மறுபடி சொல்லு" என்று கத்துவேன். இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். அப்புறம், "அப்பாவுக்குக் காது கேக்கலம்மா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். வராந்தாவை ஒட்டித்தான் அந்த மாடிப்படி.

ஒரு நாள் நாலரைக்கு எடுத்தால் காலையில் நிரப்பிய பேட்டரி கடைசிக் கோட்டில் நின்றது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது போன் மேஜைமேல் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, நாலு மாதத்துக்கப்புறம் முதல் வார்த்தை பேசினேன்.

"எம் போன்ல கை வச்சீரா?"

பதிவேட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"உள்ள ஒரு செட்டிங் இருக்கு சார். போட்டா குரல் முழுசா வரும், ஆனா பேட்டரியைக் குடிச்சுடும். வேண்டாம்னா இந்த நம்பரை அடிச்சா போயிடும்." ஸ்டார், ஹாஷ் எல்லாம் போட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். "ரெண்டும் சேர்ந்து கெடைக்காது. எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்கோ."

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மிச்சமிருந்த பேட்டரியில் ஊருக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். எதையோ மென்றுகொண்டிருந்தாள், முறுக்கு, நொறுங்குகிற சத்தம் கேட்டது. சளி பிடித்திருந்தது. பக்கத்துப் பெண் சிலேட்டை உடைத்ததையும், டீச்சர் அவளை ஒன்றும் சொல்லாததையும், அது அநியாயம் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நான் "என்ன?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடைசியில் போனைக் கொடுக்கும்போது அவள் சொன்னதும் கேட்டது.

"எம்மா, அப்பாவுக்குக் காது சரியாயிட்டு."

அடுத்த ஜூனில், சுத்தமான ராகுகாலத்தில், கையாலேயே எழுதி விண்ணப்பம் கொடுத்தேன். மாற்றல் கிடைத்தது. ஹௌரா ஸ்டேஷனுக்கு அலுவலகமே வந்தது. பயாஸ் தாதா மட்டும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. என் மகள் முதல் எழுத்து எழுதிய நாளை அந்த மனிதர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீராது.

ஆனால் அவர் எழுதிக் கொடுத்த நம்பரை நான் அடிக்கவே இல்லை. அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் தினமும் இரண்டு தடவை சார்ஜ் போட்டேன். தினமும் அந்த மாடிப்படியைத் தாண்டித்தான் வராந்தாவுக்குப் போனேன். நின்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன். ரொம்ப நன்றாகக் கேட்டது, தாதா. குழந்தை மூச்சு விடுவதுகூடக் கேட்டது.