கரடி விழுகிற செவ்வாய்க்கிழமை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் திட்ட அதிகாரி. அடுத்தது டீச்சர். மூன்றாவது ஒரு கரடி. கரடியையாவது மன்னிக்கலாம், அது படத்தில் இருக்கிறது. மற்ற இருவரும் நேரில் இருக்கிறார்கள்.

நான் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். கேட்டைத் திறப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது என் வேலை. ஞாயிறு மட்டும் லீவு. வருகிற ஞாயிறு மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பஸ்ஸில் போக அரை நாள், திரும்ப அரை நாள். முழு ஞாயிறு வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமை திட்ட அதிகாரி வந்தார். வந்ததும் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னார்.

"தாளைக் கிழிச்சா நாள் போயிடுதுன்னு குழந்தை நினைக்குது. இது அறிவியல் இல்ல" என்றார்.

ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார். கிழமையும் தேதியும் எண்ணும் இனி அதுதான் சொல்லித்தரும். இன்று என்ன கிழமை என்று கேட்கும், பிள்ளை சரியாக அழுத்த வேண்டும். வகுப்பில் அத்தனை பேரும் சரியாக அழுத்தினால்தான் அடுத்த நாள் திறக்கும்.

"யாரும் பின்தங்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்துதான் நாளைக்குப் போகணும்" என்றார் அதிகாரி. கைதட்டினோம். எங்கள் வருகைப் பதிவும் லீவும் அதே கருவியில்தான் என்று பிறகு சொன்னார். அதற்குள் தட்டி முடித்திருந்தோம்.

திங்கட்கிழமையை டீச்சரே ஒவ்வொரு விரலையும் பிடித்து அழுத்தி முடித்துவிட்டார். மறுநாள் செவ்வாய், தேதி ஏழு. இனி ஆசிரியர் கை படக் கூடாது என்று உத்தரவு. சரியாக அழுத்தினால் ஒரு நட்சத்திரம் வரும். தவறாக அழுத்தினால் ஒரு கரடி ஏணியில் ஏறி, வழுக்கி, சேற்றில் தலைகீழாக விழும். விழும்போது ஒரு சத்தம் வரும். அதை எழுத்தில் எழுத எனக்குப் படிப்பு போதாது, எழுதினாலும் மரியாதையாக இருக்காது.

ஒரு பிள்ளை தெரியாமல் வியாழனை அழுத்தியது. கரடி விழுந்தது. வகுப்பு மொத்தமும் அந்தப் பிள்ளையைச் சுற்றிக் கூடியது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் செவ்வாய்ப் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை.

மறுநாளும் கருவி செவ்வாய் என்றே சொன்னது.

"டீச்சர், இன்னைக்குப் புதன் இல்லையா?"

"உங்களுக்கும் எனக்கும் புதன்தான் பெரியவரே. பள்ளிக்கூடத்துக்குச் செவ்வாய்."

மேலிடத்துக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்தது: காலம் கடந்துவிட்டதாகக் கருவி உறுதிசெய்யாதவரை, காலம் கடக்கவில்லை என்றே கொள்ளப்படும். சம்பளம் மட்டும் வேறு ஆபீஸ் என்பதால் அங்கே மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் லீவு கேட்டேன்.

"ஞாயிறு வந்தா தானா லீவு வரும். அதுக்கு எதுக்குத் தனியா கேக்கறீங்க?" என்றார் டீச்சர்.

"ஞாயிறு வர மாட்டேங்குதே டீச்சர்."

"அப்ப செவ்வாய்க்குக் கேளுங்க."

கேட்டேன். டீச்சர் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "செவ்வாய்க்கிழமை நீங்க வேலைக்கு வந்துட்டதா பதிவாகியிருக்கு. வந்த நாளுக்கு எப்படி லீவு தர்றது?"

"பேசாம வராம நின்னுட்டா?"

"காலையில வந்தவர் அன்னைக்கே காணாமப் போனா, வேலையை விட்டு ஓடிப்போனதா அர்த்தம். வேற ஆளைப் போட்டுடுவாங்க."

பெற்றோர் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிற பள்ளிக்கூடம் யாருக்குக் கிடைக்கும்? கடைசியில் ஒருவர் வந்தார், தெருக்கோடி டெய்லர்.

"டீச்சர், ஒருத்தருக்குப் புதன்கிழமை சட்டை தர்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்குச் செவ்வாய்னு ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்குமா?"

டீச்சர் முத்திரை போட்டுக் கொடுத்தார். மறுநாள் கேட்டில் நீளமான வரிசை. அதைச் சரிசெய்யும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

டெய்லரின் மகளை எல்லாரும் வாலு என்பார்கள். கரடியை விழ வைப்பதில் அவள்தான் தலைவி. அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டேன்.

"கண்ணு, இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

அன்றைக்கு நிஜமாகவே சனி.

"டேப்லெட்டுல என்ன அழுத்தணும்?"

"செவ்வாய்."

"அதை அழுத்தினா என்னடா?"

"அழுத்தினா கரடி விழாது தாத்தா. இதுகூடத் தெரியாம பெரியவங்களா இருக்கீங்க."

திட்ட அதிகாரி விசாரணைக்கு வந்தார். தரையில், சுவரில், என் நாற்காலி முதுகில் என்று எங்கும் பிள்ளைகள் ஏழு எழுதி வைத்திருந்தார்கள். "ஏழு என்னும் எண்ணில் முழுத் தேர்ச்சி" என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். பிறகு, பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஒரு முன்மாதிரி மாணவர் தேவை என்று தன் பெயரையே வகுப்பில் சேர்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, வெள்ளியை அழுத்தினார். கரடி விழுந்தது. இருமினார்.

"சரிபார்க்கணும்" என்று சொல்லி இன்னொரு தடவை அழுத்தினார். அந்த டேப்லெட்டை ஆய்வுக்காகக் கூடவே எடுத்துப் போய்விட்டார்.

வாரங்கள் போயின. பிள்ளைகளுக்கு எதுவும் சலிக்கும், கரடியும் சலித்தது. ஒரு காலை வாலு செவ்வாயை அழுத்தினாள். பார்த்து எல்லாரும் அழுத்தினார்கள். வகுப்பு முழுக்க நட்சத்திரம். டெய்லர் ஓடி வந்து, பிள்ளைகளை அவசரப்படுத்துகிறீர்கள் என்று கண்டித்தார். நான் பையில் துணியை எடுத்து வைத்தேன்.

கருவி அசையவில்லை. ஒரு மாணவர் பாக்கி என்றது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரும் நானும் ஆபீசுக்குப் போனோம். மூடிய கதவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே அதிகாரியைச் சுற்றி நாலைந்து அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், செவ்வாயில உங்க பேரு மட்டும்தான் நிக்குது" என்றார் டீச்சர்.

"கல்வியில அவசரம் கூடாது டீச்சர். கோளாறு எங்கன்னு நீங்களே பாருங்க."

டீச்சர் பார்த்தார். புதனில் பார்த்தார், சனியிலும் பார்த்தார். முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினார். நான் ஞாயிறை அழுத்தினேன். மற்றவர்களைப் போல வேடிக்கைக்கு இல்லை. எனக்குச் சேர வேண்டியதைக் கேட்டேன். கரடி விழுந்தது. விடாமல் மறுபடியும் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, உங்க பேத்தி குப்புற விழுந்துட்டா. கிளம்பிட்டீங்களா?"

"ஆபீஸ்லதாம்மா இருக்கேன். ஞாயித்துக்கிழமையைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அது என்னப்பா சத்தம்?"

"மேலிடம்மா" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போகிறேன். எனக்கு ஒரு ஞாயிறு தர வேண்டியிருக்கிறது, வாங்காமல் விடப்போவதில்லை. இப்போது டேப்லெட் டீச்சர் கையில் இருக்கிறது. அடுத்தது என் முறை.