கம்பெனி வெயில்

"பெரிய தொரை என் காம்பராவுக்கு வந்தாரு. வாசல்ல சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு, மேசுக் காலோட உள்ள வந்து, 'இராயப்பன், எனக்குக் கொஞ்சம் கரண்ட் தருவீங்களா'ன்னு கேட்டாரு."

பசறையில் ஜௌபரின் தேத்தண்ணிக் கடை மொத்தமும் சிரித்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இராமையா மட்டும் சிரிக்கவில்லை. தான் சிரிக்க வேண்டுமானால் பொய்க்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நினைப்பவர் அவர்.

"இராயப்பண்ணே, நூத்தைம்பது வருசத்துல ஒரு தொரையும் லயத்துக் காம்பராவுக்குள்ள சப்பாத்தோடகூட வந்ததில்ல. நீங்க கழட்ட வேற வச்சிட்டீங்க."

"மேசுல ஓட்டை இருந்துச்சு மாஸ்டர். பெருவிரல் எட்டிப் பார்த்துச்சு. அதுவும் நான் விட்ட கதையா? என் பெஞ்சாதி சூசையம்மாகிட்ட கேளுங்க."

"அவங்க உங்களோட பேசுறதையே விட்டுட்டாங்களாமே."

விட்டிருந்தாள்தான். எல்லாம் அவள் மூச்சில் தொடங்கிய கதை.

வானம் கறுத்தாலே தோட்டத்தில் மின்சாரம் போய்விடும். போன கையோடு இராயப்பனின் மனைவி சூசையம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். ஆவி மருந்து பிடிக்கிற மெஷின் சுவரில் செருகியபடி கிடக்கும். சுவரில் கரண்ட் இருக்காது. குவைத்தில் வேலை செய்யும் மகள் நிலுக்ஷி, இந்த இழுப்பைப் போனில் கேட்டுக் கேட்டுத் தாங்காமல், நாலு சோலார் தகடுகளும் ஒரு பேட்டரியும் வாங்கிக் கொடுத்தாள்.

வரிசை வீடான லயத்தில் தன் காம்பரா அறையின் கூரைமேல் அவற்றைப் பொருத்த அனுமதி கேட்டு, இராயப்பன் தோட்ட ஆபீசுக்குப் போனார்.

"கூரை கம்பெனியோடது. அதுல ஒண்ணும் பூட்டக்கூடாது," என்றார் கிளாக்கர்.

"நாப்பது வருசமா ஒழுகுதுங்களே, அந்த மழையும் கம்பெனியோடதுங்களா?"

"மழை உங்களோடது. கூரைமேல படுற வெயில்தான் கம்பெனியோடது."

சரியென்று, சொந்தக் கையால் கட்டிய கோழிக்கூட்டின் மேல் தகடுகளைப் பொருத்தினார். நிழல் விழுந்த கூட்டுக்குள் கோழிகள் பொழுது சாய்ந்துவிட்டதாக நம்பி நாள் முழுக்கத் தூங்கின. முட்டையை மறந்தே போயின. போதாததற்குப் பக்கத்துச் சவுக்கு மரம் வெயிலை மறைத்தது. ஒரு கிளையை வெட்டினார். மரமும் கம்பெனியுடையதாம். எச்சரிக்கை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆட்கள் சந்தைக்குப் போயிருந்தபோது, தகடுகளைக் கூரைக்கே ஏற்றிவிட்டார். யார் கண்ணிலும் படக்கூடாதென்று நீலத் தறப்பாளால் இறுக்கி மூடினார்.

"ஏங்க, மூடி வச்சா வெயில் எப்படிப் படும்?"

"படாது. ஆனா தொரைக்கும் தெரியாது."

பிறகு அந்தப் புயல் வந்தது. பாதை சரிந்தது, கம்பங்கள் சாய்ந்தன, பதினோரு நாள் மலை முழுக்கக் கரண்ட் இல்லை. தொரையின் பங்களா ஜெனரேட்டர் மூன்றாம் நாளே டீசல் இல்லாமல் படுத்துவிட்டது. டீசல் லொறி மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

நாலாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் இராயப்பன் தறப்பாளை உருவினார். பேட்டரி நிறைந்தது. சூசையம்மா நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். ஏழு லயத்துப் போன்களும் கயிற்றில் கோத்த கருவாடு மாதிரி அவர் வாசலில் தொங்கின. சேதி பங்களாவுக்கு ஏறிப்போக ஒரு நாள் பிடித்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம், லயமே நிவாரண அரிசி வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், தொரை வந்தார். பின்னால் லேப்டாப்பையும் பிரின்டரையும் சுமந்துகொண்டு பியோன்.

"அவசரமா ரெண்டு கடிதம் அடிக்கணும், இராயப்பன்."

இராயப்பன் தொங்கிய போன்களையெல்லாம் பிடுங்கினார். மாதா படத்துக்குக் கீழிருந்த மேசையைத் துடைத்தார், ஸ்டூலைத் துடைத்தார், தொரையைத் துடைக்காததுதான் பாக்கி.

தொரை தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனை தகடு?"

"நாலுங்க தொரை," என்றார் இராயப்பன். பெருமையில் அவர் நெஞ்சு கூரைத் தகரத்தைப் போய் முட்டியது.

வெளியே மேகம் மூடிவிட்டது. பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். அடுப்படியில் சூசையம்மாவுக்கு இழுப்பு ஏறத் தொடங்கியது.

"ஏங்க, மெஷினு..."

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடு. தொரை முடிச்சிரட்டும்."

தொரை முடித்தார். பேட்டரியும் முடிந்தது. விடியும்வரை சூசையம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே மூச்சு வாங்கினாள். இராயப்பன் முறத்தால் விசிறினார். தொரை உட்கார்ந்த ஸ்டூலை மட்டும் அவளுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரி மாஸ்டர், பெஞ்சாதி சாட்சி வேணாம்." தேத்தண்ணிக் கடையில் இராயப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "நேத்துப் பியோன் கொண்டாந்து குடுத்தான். தொரை நன்றி சொல்லி அனுப்பியிருக்காரு. இங்கிலீசு. சத்தமா படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

இராமையா கண்ணாடியை மாட்டினார். முதலில் தனக்குள் படித்தார். பிறகு, கேட்டுக்கொண்டபடியே, சத்தமாகத் தமிழில் சொன்னார்.

"ஏழாம் லயம், மூணாம் காம்பரா. கம்பெனிக் கூரையில அனுமதியில்லாமப் பூட்டின நாலு தகட்டையும் பதினாலு நாளைக்குள்ள இறக்கணும். இல்லாட்டி காம்பராவைக் காலி பண்ணணும்."

இராயப்பனின் கை, உறைக்காக நீட்டியபடியே நின்றது.

இராமையா கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தார். புயலடித்த ஐந்தாம் நாள். விரலை மடக்கி இன்னொரு தடவை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தொரை வந்தது நெசந்தான் அண்ணே. அன்னைக்கு இந்த மலையில கடுதாசி அடிக்க உங்க காம்பராவுல மட்டும்தான் கரண்ட் இருந்துச்சு."