பழுதில்லா உறைவிடம்

கார் என்பது ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்ற தவறான எண்ணம் உலகத்தில் நெடுங்காலமாக வேரூன்றி இருக்கிறது. படித்தவர்கள்கூட இந்த மூடநம்பிக்கைக்கு விலக்கல்ல. அதைக் களைந்தெறியும் மாபெரும் பொறுப்பை, ஒரு குளிர்காலத்தில், ஒரு தனிமனிதர் தம் முழங்கால்களின் மேல் ஏற்றுக்கொண்டார். தோள்கள் மேல் ஏற்றுக்கொள்ள வசதிப்படவில்லை. அவை பானெட்டுக்கு உள்ளே இருந்தன.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் துணைப் பொது மேலாளர். ஒருங்கிணைப்புப் பிரிவு. எதை எதோடு ஒருங்கிணைப்பது என்று மேலிடத்தில் இன்னும் முடிவாகாததால் அவருக்கு ஓய்வுக்குக் குறைவில்லை. அக்கம்பக்கத்தில் சுருக்கமாக அவரைத் ‘துணை’ என்பார்கள். மனைவிக்கும் அவர் துணைதான். ஆனால் அந்தப் பதவியில் அவர் அவ்வளவாக வேலைக்கு வருவதில்லை.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை வாங்கிய அன்று மனைவியிடம், “மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்குல்ல, ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லியிருந்தார். பிறகு அவர் ‘பழங்கார் பேணுவோர் சங்க’த்தில் சேர்ந்துவிட்டார். சங்கத்தில் சேர்ந்த கார் கண்காட்சிக் கார் ஆகிவிடுகிறது. கண்காட்சிக் காரைத் தெருவில் ஓட்டுவது கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது மாதிரி என்று அவர் விளக்கினார். மனைவி பேருந்தில் வேலைக்குப் போனாள். தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. கார் ஷெட்டில் இருந்தது.

போன வருடக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். நடுவரும் அவரே. அவர் தம் தொழிலுக்குரிய சின்னக் கண்ணாடியை ரேடியேட்டருக்கு அடியில் நுழைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

“சொத்தை.”

அந்த வார்த்தை துணையின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இந்தக் குளிர்காலத்தில் பானெட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதி முழுவதையும் புதுப்பித்தே தீருவது என்று முடிவெடுத்தார். சங்கத்தின் ஆவணங்களில் அந்தப் பகுதிக்கு ‘எஞ்சின் உறைவிடம்’ என்று பெயர். எஞ்சின் உறைவதால் உறைவிடமா, குளிரில் அங்கே வேலை செய்கிறவர் உறைந்து போவதால் உறைவிடமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முதல் கட்டமாக எஞ்சினை வெளியே எடுத்தார்கள். மனைவியின் தம்பி வந்து உதவினான். அவன் கடை கடையாக ரொட்டி போடும் வேன் ஓட்டுகிறவன். செயின் பிளாக்கை மாட்டி, இரண்டு பேருமாக முக்கி முனகி, எஞ்சினைத் தூக்கினார்கள். ஷெட்டில் ஈரம் அதிகம் என்பதால் எஞ்சின் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. சோபா ஷெட்டுக்குப் போனது. இதைத்தான் ஒருங்கிணைப்பு என்பது.

பிறகு தொடங்கியது தவம். உப்புத்தாளால் பழைய பெயின்ட்டைத் தேய்த்தார். கை நுழையாத இடத்தில் பல் துலக்கும் பிரஷ் நுழைந்தது. பிரஷ் நுழையாத இடத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சி நுழைந்தது. மருந்துக் கடைக்காரர் கவலையோடு, “வீட்ல எல்லாருக்கும் காதுல ஏதாவது பிரச்சினையா சார்?” என்று விசாரித்தார். “காருக்கு” என்றார் துணை. கடைக்காரர் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

பிரைமர் அடித்தார். அதன் மேல் முத்து வெள்ளை. ஒயர்களையெல்லாம் கண்ணில் படாதபடி மறைத்தார். ஸ்குரூக்களின் தலைப் பள்ளங்களையெல்லாம், பெரிய மேலாளர் வரும்போது ஊழியர்கள் நிற்பதுபோல, ஒரே திசையைப் பார்த்து நிற்க வைத்தார்.

“என்னங்க, என் கம்பளியைக் காணோமே?”

“பானெட்டுக்குள்ள போர்த்தியிருக்கேன். ராத்திரிக் குளிர்ல பெயின்ட் சுருங்கிடும்.”

“அப்ப நான்?”

“நீ சுருங்க மாட்டே.”

மனைவி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரிக்கப் பழகியிருந்தாள். வேறு வழியும் இல்லை. கூடத்தில் உட்கார இடமில்லாததால் எஞ்சின் மேல் பூ வேலை செய்த விரிப்பைப் போட்டு, அதன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

குளிர் குறையத் தொடங்கியபோது உறைவிடம் தயாராகிவிட்டது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. துணை நீண்ட நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு எஞ்சினை ஷெட்டுக்குக் கொண்டுபோய் இறக்க ஏற்பாடு செய்தார். செயின் பிளாக் கரகரவென்று இறங்கியது. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய், முத்து வெள்ளையின் நட்ட நடுவில் விழுந்தது.

“நிறுத்து!”

“துடைச்சா போயிடும் மாமா.”

“இன்னிக்குத் துடைக்கலாம். நாளைக்கு? இது உள்ள இருக்கிற வரைக்கும் ஒழுகிட்டேதானே இருக்கும்?”

“எஞ்சின்னா ஒழுகத்தான் செய்யும் மாமா. சூடாகும், புகை விடும். அதுக்குத்தானே அது இருக்கு.”

துணையின் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கறைக்குக் காரணம் எஞ்சின்தான் என்பதை அத்தனை காலமும் யாருமே கவனிக்கவில்லை. எஞ்சின் மறுபடி கூடத்துக்கே போனது.

சங்கத்தில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. போட்டியின் பெயரே ‘சிறந்த எஞ்சின் உறைவிடம்’ என்றுதான் இருக்கிறது, ‘சிறந்த எஞ்சின்’ என்று இல்லையே என்று துணை கேட்டார். “வீட்டுக்காரர் வெளியூர் போயிட்டா அது வீடு இல்லாம போயிடுமா?” என்றும் கேட்டார். பல் டாக்டர் உணர்ச்சிவசப்பட்டார். விதி ஏகமனதாகத் திருத்தப்பட்டது. எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவர் தேநீர் வாங்கப் போயிருந்தார்.

இந்த நேரம் பார்த்து மச்சானின் ரொட்டி வேன் படுத்துவிட்டது. எஞ்சின் முடிந்தது, இனி தேறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். ரொட்டி வராத கடைகள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தன. மச்சான் அக்கா வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டான். வேனும் காரும் ஒரே கம்பெனி. இரண்டுக்கும் ஒரே எஞ்சின். அக்கா விரிப்பைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

அவள் ஷெட்டுக்குப் போனாள். துணை பூதக்கண்ணாடி வைத்து ஒரு ஸ்குரூவைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கூடத்துல இருக்கிற எஞ்சினைத் தம்பிக்குக் கொடுத்துடவா? அவன் பொழப்பு நிக்குது.”

“ம்.”

“நிஜமாத்தானே? அப்புறம் திட்டக் கூடாது.”

“ம்... ம்.”

அலுவலகத்தில் அவருடைய ஒரு ‘ம்’ என்பது ‘பரிசீலனையில்’. இரண்டு ‘ம்’ என்பது ‘ஒப்புதல்’. இந்த முறையில் அவர் பல கட்டடங்களுக்கும் ஒரு பாலத்துக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். மறுநாள் எஞ்சின் கிளம்பிப் போனது. அதன் இடத்தில் ஒரு காலி டிரங்குப் பெட்டியை வைத்து மனைவி அதே விரிப்பைப் போர்த்தினாள். துணை அதன் பக்கத்தில் உட்கார்ந்து நாள் தவறாமல் தேநீர் குடித்தார். கலைஞர்களுக்கு அப்படி ஒரு மனஒருமை வாய்ப்பதுண்டு.

கண்காட்சி நாள் வந்தது. சங்கம் ஏற்பாடு செய்த லாரியில் கார் ஏறிப் போனது. மனைவி, “நீங்க முன்னாடி போங்க, நான் தம்பி கூட வந்துடறேன்” என்றாள்.

மைதானத்தில் கூட்டம் துணையின் காரைச் சுற்றி மொய்த்தது. பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை மூலைக்கு மூலை நுழைத்தார். பஞ்சால் ஒற்றி, பஞ்சை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “எண்ணெய் இல்லை! புகை இல்லை! சூடு இல்லை! என் சேவையில் இப்படி ஒரு சொத்தையில்லாத உறைவிடத்தை நான் கண்டதில்லை!”

துணை கோப்பையை வாங்கினார். கண் கலங்கியது. அப்போது மைதானத்தின் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. இரண்டு இருமல், ஒரு தும்மல், பிறகு நிதானமான உறுமல். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். காரை வாங்கிய அன்று, பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, வீடு வரை அதைக் கேட்டுக்கொண்டே வந்திருந்தார்.

சேறு தெறித்த ரொட்டி வேன் வந்து நின்றது. மனைவி இறங்கினாள். தலை கலைந்திருந்தது. செருப்பு நிறைய மணல்.

“எங்கே போயிட்டு வர்றே?”

“கடலுக்கு. தம்பி அங்க ரெண்டு கடைக்கு ரொட்டி போட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிசுங்க அது! அலை வந்து முட்டி வரைக்கும் நனைச்சிடுச்சு.”

“நான் இல்லாமலா?”

“நீங்க இல்லாமத்தான். ஆனா உங்க எஞ்சினோட.”

துணை வேனின் பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் கறுப்பு. ஒரு ஸ்குரூவும் இன்னொரு ஸ்குரூவோடு பேச்சுவார்த்தையில் இல்லை. நடுவில் அவருடைய எஞ்சின் எண்ணெய் வடிய, சூடாக, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது.

“யாரைக் கேட்டுக் கொடுத்தே?”

“உங்களைத்தான். நீங்க ரெண்டு தடவை ‘ம்’னீங்க.”

இரண்டு ‘ம்’மைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை. அருகில் வந்து எட்டிப் பார்த்த பல் டாக்டர் முகம் சுளித்து, “சொத்தை” என்றார்.

“பல்லையே பிடுங்கிட்டா சொத்தை எங்கேருந்து டாக்டர் வரும்?” என்றாள் மனைவி, துணையின் காரைக் காட்டி. டாக்டருக்கு வேறு ஒரு காரைப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

மாலையில் தூறல் போட்டது. லாரி, பதவி வரிசைப்படி, தலைவரின் காரை முதலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முத்து வெள்ளைக்குத் தண்ணீர் ஆகாது. துணை சட்டையைக் கழற்றிப் பானெட் இடுக்கில் செருகிவிட்டு, பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

“கயிறு இருக்கு மாமா” என்றான் மச்சான். “கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்.”

அப்படியாகக் கண்காட்சிக் கார் வெகுகாலத்துக்குப் பிறகு தெருவில் ஓடியது. துணை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மடியில் கோப்பை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சால்வையில் பாதியை அவர் மேல் போட்டாள். முன்னே வேன் புகையைக் கக்கியது.

“நல்லாத்தான் இழுக்குது, இல்லே?” என்றார் அவர், கொஞ்ச தூரம் போன பிறகு. குரலில் லேசான பெருமை இருந்தது.

“ம்” என்றாள் அவள்.

நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். “என்ன சார், வண்டி பிரேக்டவுனா?”

“இல்லவே இல்லை. முதல் பரிசு வாங்கின வண்டி.”

“அப்புறம் ஏன் கட்டி இழுக்கிறீங்க? எஞ்சின் எங்கே?”

“முன்னாடி இருக்கு.”

“எல்லா வண்டிக்கும் முன்னாடிதானே சார் இருக்கும்.”

“இதுக்குக் கொஞ்சம் அதிகமாவே முன்னாடி இருக்கு.”

காவலருக்குச் சந்தேகம் தீரவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் முத்து வெள்ளை பளபளத்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருடைய முகத்தில் மெய்யான மரியாதை தெரிந்தது. துணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், இவ்வளவு சுத்தமா, இவ்வளவு ஒழுங்கா, நான் இதுவரைக்கும் ஒரே ஒரு இடத்தைத்தான் பாத்திருக்கேன்.”

“எதை?”

“எங்க தலைமை அலுவலகத்தை. அங்கேயும் உள்ள ஒண்ணும் கிடையாது சார். எங்களை மாதிரி யாராவது வெளியே நின்னு இழுத்துட்டு இருக்கணும்.”