கட்டாருக்குப் போன மாடுகள்

யோகராசா தட்டிய மாடுகள் படுவான்கரை வயலுக்குப் போகாமல் கட்டாருக்குப் போய்விட்டன.

கணினித் திரையில் அது தெட்டத்தெளிவாகத் தெரிந்தது. 'மாடுகளை உடனடியாக மேய்ச்சற்றரைக்குக் கொண்டுசெல்லவும்' என்பது வட்டை விதானையாரின் நோட்டீசில், ஏற்கெனவே தட்டி வைத்த தலைப்புக்கும் 'இங்ஙனம்' வரிக்கும் நடுவில், இருக்க வேண்டிய வசனம். அது ஸஹீதாவின் புருசன் பதியுதீனோடு பேசுகிற பெட்டிக்குள் போய்க் குந்தியிருந்தது. அவன் பதிலும் போட்டுவிட்டான்.

"என்ன மாடு? நாம எப்ப மாடு வாங்கின?"

ஸஹீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அண்ணன், நான் மாடெண்டு ஒண்டும் சொல்லல்லியே?"

"நீங்க சொல்லல்ல புள்ள. விதானையார் சொன்னவர்," என்றார் யோகராசா.

"நான் என்னத்துக்குடா கட்டாருக்குச் சொல்லப் போறன்?" என்றார் சீனித்தம்பி விதானையார். ஒரு வட்டை வயல் முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுகிற மனிதர். தன் வாய்க்கு வெளியே போன சொல் தன் வட்டையைத் தாண்டியதாக அவருடைய வாழ்க்கையில் வரலாறே கிடையாது.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆவணிக் கடைசியில், கல்லடியில், யோகராசாவின் தட்டச்சுக் கடையில். மத்தியானத்தோடு மின்சாரம் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். செல்போன் அலை முந்தின நாளே நின்றுவிட்டது. யுத்த காலத்தில் அது மழை மாதிரி, வரும், போகும், யாரும் காரணம் கேட்பதில்லை. ஆகவே எல்லோருக்கும் அவசரம். விதானையாருக்கு மண்முனைத் துறையில் சோதனைச்சாவடி அடைக்குமுன் நோட்டீசோடு வாவியைக் கடந்து படுவான்கரைப்பக்கம் போக வேண்டும். ஸஹீதாவின் அவசரம் அதைவிடப் பெரிது. மகள் நடை பழகியதைப் படத்தில்தான் பார்த்த பதியுதீன், அன்று பின்னேரம் கம்பனியில் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறானாம். அதற்கு முன்னால் அவனை 'வாறன்' என்று சொல்ல வைக்க வேண்டும். தமிழில் தட்டத் தெரிந்த விரல்கள் அந்தத் தெருவில் யோகராசாவிடம் மட்டும் இருந்தன. அதுவும் இரண்டே விரல்கள்.

"ஆளுக்கு ஒரு வசனம். தண்ணி முறை மாதிரி," என்று தீர்ப்புச் சொன்னவர் விதானையார்தான்.

முறை நல்லதுதான். கணினிதான் முறைகெட்டது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கு வந்த ஒரு பின்லாந்துக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பொருள் அது. மற்றக் கணினிகளில், மவுஸால் தட்டி மேலே எடுத்த பெட்டிக்குள் எழுத்து விழும். இதில், அம்புக்குறி எந்தப் பெட்டியின்மேல் நிற்கிறதோ அதுதான் எழுத்தைக் குடிக்கும். அந்தப் பெட்டி இன்னொன்றுக்கு அடியில் கிடந்து, ஓரத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி. மாற்றலாம் என்றால் கட்டளைகள் எல்லாம் பின்லாந்து மொழியில் இருந்தன. அந்த மொழியில் யோகராசாவுக்கு இரண்டு சொல் தெரியும். இரண்டும் சாப்பாடு.

"விதானையார், வரம்பு உசந்த வயலுக்கா தண்ணி போகுது? வரம்பை வெட்டி வக்கடை வெச்ச வயலுக்குத்தானே? இதுவும் அப்பிடித்தான். மேல நிக்கிற பெட்டிக்குப் போகாது. அம்பு நிக்கிற பெட்டிக்குத்தான் போகும்."

"அப்ப அம்பைச் சரியா வெக்க வேண்டியதுதானே மனே!"

யோகராசா வைத்தார். பேச்சுப்பெட்டி கீழே போகாதபடி 'எப்போதும் மேலே' என்று பூட்டியும் வைத்தார். பிறகு தலையைக் குனிந்து விசைகளைப் பார்த்துத் தட்டத் தொடங்கினார். பழைய தட்டச்சுப்பொறிக்காரர். தலை குனிந்தால் வசனம் முடிந்துதான் நிமிரும். முடிந்ததும் வரி திருப்பும் பழக்கத்தில் பெரிய விசையில் ஓர் அடி. பேச்சுப்பெட்டியில் அந்த அடிக்குச் செய்தி கடல்தாண்டிப் போய்விடும்.

"சொல்லுங்க புள்ள."

ஸஹீதா பக்கத்து வாங்குப் பலகையைப் பார்த்தாள். அங்கே மாமியார் ஹவ்வா உம்மா மேசையோரத்தில் வெற்றிலைப் பெட்டியை வைத்துப் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. ஸஹீதா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க இல்லாம ஊடு ஊடா இல்ல."

தட்டினார். அடித்தார். பேச்சுப்பெட்டியில் ஒன்றும் விழவில்லை. 'லைன் மந்தம்,' என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப என்ட முறை," என்றார் விதானையார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னார்: "கட்டாக்காலியாகத் திரிபவை பிடித்துக் கட்டப்படும்!"

யோகராசா அம்பை நோட்டீசின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, குனிந்து, தட்டி, அடித்து, நிமிர்ந்தார்.

"ஆரக் கட்டாக்காலி எண்டுற?" என்று கட்டாரிலிருந்து பதில் வந்தது.

"அல்லாஹ்வே!" என்றாள் ஸஹீதா.

"உன்ட மிஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு," என்றார் விதானையார். "என்ட பெட்டியைக் கீழ போட்டாப் பின்ன எப்பிடி? ஒரு வட்டைக்கே விதானை நான். என்ட நோட்டீஸ் கிடக்கிற இடமாடா அது? மேல எடு!"

யோகராசா நோட்டீசையும் 'எப்போதும் மேலே' என்று பூட்டினார். இப்போது இரண்டு பெட்டிக்கும் முதல் மரியாதை. ஒன்றை இழுத்தால் மற்றது முன்னுக்கு வந்தது. அதை நகர்த்தினால் இது ஏறி நின்றது. பின்லாந்துக்காரர் செய்துவைத்திருந்த அலங்காரத்தினால், இழுக்கும்போதெல்லாம் பெட்டிகள் தட்டில் வைத்த வட்டிலப்பம் மாதிரித் தளதளவென்று ஆடின. ஆட்டம் அடங்குமட்டும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

"புள்ள, கெதியாச் சொல்லுங்க!"

"ஒங்கட சிரிப்பக் கேக்காம எனக்குக் கஞ்சியும் எறங்குதில்ல."

"விதானையார்!"

"உரியவர் குறித்த திகதிக்குள் வந்து பொறுப்பேற்காவிட்டால் வேறு ஆளிடம் ஒப்படைக்கப்படும். பின்னர் செய்யும் முறைப்பாடு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. முடிஞ்சுது. அச்சடி!"

யோகராசா அச்சடித்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவந்த விதானையார், தாள்களைச் சூட்டோடு சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அப்போதுதான் யோகராசா நிமிர்ந்து பார்த்தார். 'வேறு ஆளிடம் ஒப்படைக்கப்படும்' என்ற வசனம் கட்டார்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் நின்றது. அதன் கீழே பதியுதீன் அலறியிருந்தான்:

"ஆருக்கிட்ட ஒப்படைக்கப் போறீங்க???"

"பிழை எண்டு எழுதுங்க அண்ணன்! ஓடி எழுதுங்க!" ஸஹீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மன்னிப்பை முதலில் ஒழுங்காக எழுதிப் பார்க்கலாமென்று யோகராசா மூன்றாவதாக ஒரு பெட்டியைத் திறந்தார். அது எழுந்து மற்ற இரண்டையும் மறைத்தது. பதறிப்போய் அதை மூடினார். பின்லாந்துக்காரர் மூடுகிற பெட்டிக்கும் ஓர் அலங்காரம் வைத்திருந்தார். பெட்டி அடியிலிருந்து தீப்பிடித்து, கொழுந்துவிட்டு எரிந்து, சாம்பலாகும்.

"டேய், நெருப்பு!" என்று விதானையார் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

திரை கறுத்தது. மறுபடி பிளக்கைச் செருகினார்கள். அந்த நேரம் பார்த்து ஊர் மின்சாரமும் போனது.

"உன்ட கடையைக் காப்பாத்தித் தந்திருக்கன்," என்று சொல்லிவிட்டு, விதானையார் சைக்கிளில் ஏறித் துறைக்குப் போனார்.

ஸஹீதா அழுதுகொண்டு போனாள். ஹவ்வா உம்மா வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு பின்னால் போனார். அன்றிரவு யோகராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு விரலால் ஒரு குடும்பத்தைப் பிரித்த மனிதன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியது.

மின்சாரம் வந்தும் கட்டார் லைன் வரவில்லை. அடுத்த கிழமை விதானையார் திரும்பி வந்தார். யோகராசா எழுந்து நின்றார்.

"இரு, இரு. இதை வாசி." மரத்திலிருந்து கிழித்த நோட்டீசை நீட்டினார்.

யோகராசா வாசித்தார்: "மாரிப்போக அறிவித்தல். நீங்க இல்லாம ஊடு ஊடா இல்ல. ஒங்கட சிரிப்பக் கேக்காம எனக்குக் கஞ்சியும் எறங்குதில்ல. இங்ஙனம் சீனித்தம்பி, வட்டை விதானை."

"இது அவ்வளவு மரத்திலயும் நிக்குது," என்றார் விதானையார்.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்க…"

"கேளன்டா. கூட்டமெண்டா எட்டியும் பாக்காத ஆக்கள் எல்லாம் இந்தமுறை வந்து நிக்கிறானுகள். விதானைக்கு என்ன வருத்தமோ எண்டு பாக்க வந்தவனுகளாம். வந்த கையோட மாட்டையும் கொண்டு போயிற்றானுகள்."

"அப்ப வீட்டில? அக்கா ஒண்டும் சொல்லல்லியா?"

விதானையார் வாசலைப் பார்த்தார். "கண்ணகையா? நான் அவளை நினைச்சு எழுதினது எண்டு சொல்லிட்டன். குழம்பில மீன்தலை இப்ப எனக்குத்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டிரு."

அந்த நேரம் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஸஹீதா இறங்கினாள். பின்னால் ஹவ்வா உம்மா. அவருக்கும் பின்னால், விமானத்தில் கசங்கிய சட்டையோடு, பதியுதீன்.

"ஆர் யோகராசா?"

"நான்தான்," என்றார் யோகராசா. விதானையார் மெதுவாகச் சுவரோரம் ஒதுங்கினார்.

"கையெழுத்துப் போடாம, வேலைய அப்பிடியே போட்டுட்டு ஓடி வந்திருக்கன். என்ட ஊட்ட ஆருக்கு ஒப்படைக்கப் பாத்தீங்க? கேட்டா இவ அழுறா. உம்மா பாக்குச் சீவுறா. நீங்களாவது சொல்லுங்க."

யோகராசா பொய் சொல்லத் தெரியாத மனிதர். திரையில் இரண்டு பெட்டியைத் திறந்து காட்டி, அம்பைச் சொன்னார், பெட்டியைச் சொன்னார், பின்லாந்தைச் சொன்னார். "அது மாட்டு நோட்டீஸ் தம்பி. உங்கட மனிசி சொன்னது முழுக்கத் தேன். அதெல்லாம் படுவான்கரையில மரத்தில நிக்குது. பிழை இந்த மிஷின்ட."

பதியுதீன் வாங்கில் இருந்துவிட்டான். "மாட்டு நோட்டீசுக்குப் பயந்தா நான் ஓடி வந்த? எல்லாம் பிழையெண்டா நான் வந்ததும் பிழைதானே. கம்பனியில இன்னும் ஆள் போடல்ல. வெள்ளிக்கிழம பிளேனில ஏறினாலும்…"

ஸஹீதாவின் முகத்தில், அவன் வந்திறங்கியதில் ஏறியிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. உண்மை பேசிய தன் வாயை யோகராசா மனதுக்குள் அறைந்துகொண்டார்.

ஹவ்வா உம்மா வெற்றிலைப் பெட்டியை மேசையோரத்தில் வைத்தார். வைத்த கையாலேயே அங்கே கிடந்த மவுஸை இரண்டு விரலால் இந்தப்பக்கம் ஒருமுறை, அந்தப்பக்கம் ஒருமுறை தள்ளினார். திரையில் அம்பு கீழ்ப்பெட்டிக்கும் மேல்பெட்டிக்குமாகப் போய் வந்தது. அந்தக் கடையில் அவர் முதன்முதலாக வாய் திறந்தார்.

"சும்மா மிஷின ஏசாதீங்க தம்பி. மொத மாடு மட்டுந்தான் ஒங்கட கைப்பிழ. மத்த மாட்டையெல்லாம் நான்தான் ஓட்டிவுட்ட."