முயல் கேக்கும் நிற்காத பஸ்களும்

பிள்ளைகளே, ஒழுங்காக வரிசையில் நிற்கச் சொல்லித் தருகிற அப்பாமாரை முழுதாக நம்பிவிடாதீர்கள். ஒழுங்காக நின்றே ஒரு சின்னப்பிள்ளையின் பிறந்தநாளைக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

ஜெர்மனியில் நான் இருக்கும் ஹம் நகரில், தரிப்பிடத்தில் போய் நின்றாலே பஸ் நிற்கும். பஸ்ஸைப் பற்றி இதற்கு மேல் அறிய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கும் என் பள்ளிக்கூட நண்பன் ரஞ்சனிடம் போனேன். மறுநாள் அவன் மகள் ஆரபிக்கு ஆறாவது பிறந்தநாள். மூன்று மணிக்குக் கேக் வெட்ட வேண்டும். கேக் நகரத்துக் கடையில் இருந்தது. ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும், நானே எடுத்து வருகிறேன் என்றேன்.

“திரும்பி பஸ்ஸிலை வர உனக்குத் தெரியுமோ, மச்சான்?”

“ஏன், ஜெர்மனியிலை பஸ் இல்லையோ?”

(வாயைப் பாருங்கள். அவ்வளவு பேசியவன் போனை அவன் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனேன்.)

நடந்தே போனேன். கால்வாயில் படகுகள், சந்தையில் மீன்காரர்களின் கூச்சல். ஒருவர் வாளியைக் கவிழ்த்து வைத்து மேளம் அடிக்க, நானும் நின்று தலையாட்டினேன். பெரிய வெள்ளை முயல் கேக் பெட்டியோடு என் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை.

இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு தரிப்பிடத்தில் நிமிர்ந்து நின்றேன். என் பஸ் வந்தது. நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் நின்றவர்களோ தங்கள் பஸ் வந்ததும் கையைத் தூக்கினார்கள், உடனே நின்றது. இந்த ஊரில் எல்லோருக்கும் டிரைவரைத் தெரிந்திருக்கிறதே, என்ன அன்பான சனம் என்று வியந்தேன்.

மூன்றாவதும் போனதும் எனக்குள் இருந்த ஜெர்மன்காரன் விழித்துக்கொண்டான். முறைப்பாடு எழுதுவதற்காக, பெட்டியை வாங்குப் பலகையில் வைத்து, பஸ்கள் போன நேரத்தை மூடியிலேயே குறித்தேன். நடக்கலாம்தான். ஆனால் அடுத்தது கட்டாயம் நிற்கும் என்ற நம்பிக்கை விடவில்லை. ஆறு பஸ் போயிற்று. மணி மூன்றேகால். ஆரபி அழுதுகொண்டிருப்பாளே என்று நினைக்க எனக்கே அழுகை வந்தது.

ஏழாவது பஸ்ஸின் மேல்தட்டு ஜன்னலில் ஒரு காகிதக் கிரீடம் தெரிந்தது. ஆரபி! அவள் கையை ஆட்டினாள். நானும் பெட்டியை ஒரு கைக்கு மாற்றிவிட்டு மற்றக் கையை ஆட்டினேன்.

பஸ் நின்றது. பெட்டி சரிந்தது.

விருந்தினரின் கார்கள் ரஞ்சனின் காரை மறித்து நின்றதால், தகப்பனும் மகளும் பஸ்ஸில் வந்து, கடையில் என்னைத் தேடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஏறியதும் ரஞ்சனிடம் மூடியைக் காட்டி, ஆறு பஸ் நிற்கவில்லை என்று முறையிட்டேன். அவன் நிதானமாக வாசித்தான்.

“மச்சான், நீ கை காட்டினியோ?”

“எனக்கு டிரைவரைத் தெரியாதேடா.”

அவன் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரபி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். முயல் முகம் குப்புறக் கிடந்தது, ஒரு காது தனியாக.

“மாமா, பஸ்ஸைப் பாத்துப் பாத்து அதுக்கு நித்திரை வந்திட்டுது” என்றாள்.

நித்திரை கொண்ட முயலை நாலு மணிக்கு வெட்டினோம். காதை எனக்கே ஊட்டிவிட்டாள்.

இப்போது ஹம்மிலும் பஸ்ஸைக் கண்டால் என் கை தானாக உயர்கிறது. இங்கே அது தேவையில்லை. யாரோ தெரிந்தவர் என்று என்னை நினைத்து டிரைவரும் கை காட்டுகிறார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் தூரத்தில் பஸ் தெரியும்போதே தொடங்கிவிடுவார்கள்:

“அப்பா, உங்கடை சொந்தக்காரர் வாறார்.”