ஆன்டெனா சொல்லாத பேர்

மைசூரில் காற்றோடு நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்திய ஒரே மனிதர் எங்கள் ஆன்டெனாதான். ஆபீஸ் பதிவில் அவருக்கு வேறொரு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு பழைய பங்களாவில் எங்கள் கம்பெனி நடந்தது. கம்பெனி என்றால் முதலாளி, ஆன்டெனா, நான், இன்னும் இரண்டு மூன்று பேர். முற்றத்தில் ஒரு மாபெரும் மரம். முதலாளியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஒரு லேப்டாப், அதன் விலாவில் செருகும் ஒரு கார்டு, சின்னதாக ஒரு பெட்டி மூன்றும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெட்டி அலமாரிமேல் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் ஒயரே இல்லாமல் அதோடு பேசும். ஒயர் வைத்த டெலிபோனே பாதி நாள் பேசாத காலத்தில் இது எங்களுக்கு மாயாஜாலமாக இருந்தது.

அந்த மாயாஜாலத்துக்குப் பூசாரி ஆன்டெனா. ஹனூர்க்காரர். ஒல்லியாக, உயரமாக, பாதிக் கண் மூடியபடி இருப்பார். லேப்டாப்பை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, சிக்னல் எதுவரை வருகிறது என்று மெல்ல மெல்ல நடப்பார். ஒருநாள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். ஏதோ கோயில் தட்டு வருகிறது என்று எதிர்வீட்டு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இவரும் நின்று, தலையசைத்து ஆசி வழங்கிவிட்டு வந்தார்.

இன்னொரு நாள் எங்கள் டிபன் பாக்ஸ்களையெல்லாம் காம்பவுண்டு சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டார்.

"எவர்சில்வருங்க. சிக்னலக் குடிச்சுப்போடுமுங்க" என்றார்.

சிக்னல் பிழைத்தது. என் எலுமிச்சை சாதத்தை ஒரு குரங்கு சாப்பிட்டது.

அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நாம் திட்டத் தொடங்கும்போதே அவர் கண்கள் மரத்தின் உச்சிக்குப் போய்விடும். அங்கே இலைகளுக்கு நடுவே என்ன தெரிந்ததோ, முகத்தில் ஒரு புன்னகை பரவும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் எதற்குத் திட்ட வந்தோம் என்பது மறந்துவிடும். மழை நாட்களில் வேலையே செய்யமாட்டார். "காத்து நனஞ்சு கெடக்குதுங்க. தொந்தரவு பண்ணப்படாது" என்பார்.

இப்படி இருக்கையில், எங்கள் கம்பெனிக்கு ஒரு சோதனை வந்தது. நஞ்சன்கூட்டில் புதிதாக ஆஸ்பத்திரி கட்டும் ஒரு டாக்டரம்மா எங்கள் சாமானைப் பார்க்க வருவதாகச் சொன்னார். டாக்டர் கட்டில் கட்டிலாகப் போகும்போது, கையிலிருக்கும் லேப்டாப்பில் அந்தந்த நோயாளியின் விவரம் தெரியவேண்டும். அதுதான் நாங்கள் செய்துவைத்திருந்தது. "இது நடக்கலைன்னா ஆபீஸை மூடிட்டு நான் மாமனார் வீட்டுக்குப் போறேன். நீங்க எங்க வேணா போங்க" என்று முதலாளி அறிவித்துவிட்டார்.

அறிவித்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஆன்டெனா அக்கா மகள் காதுகுத்துக்கு ஊருக்குப் போன நேரம் பார்த்து, பெங்களூரிலிருந்து ஒரு சிடி வாங்கிவந்து, லேப்டாப்பில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார். திரை பளபளவென்று வந்தது. வயர்லெஸ் வரவில்லை. பழைய அமைப்பெல்லாம் துடைத்துக்கொண்டு போய், 'நெட்வொர்க்கின் பேர் என்ன?' என்று லேப்டாப் கேட்டது. பேர் வைத்தவர் ஆன்டெனா. பெட்டிக்குள் போய்ப் பேரைப் பார்க்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அதுவும் அவரிடம்தான்.

மறுநாள் காலை டாக்டரம்மா வருகிறார். ஹனூரில் ஆன்டெனா வீட்டுக்குப் பக்கத்து உரக்கடைக்கு போன் போட்டேன். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

"ஆன்டெனா, நெட்வொர்க் பேரு கேக்குதுப்பா. என்ன பேரு வச்சே?"

"பேருங்களா?" குரல் தாழ்ந்தது. "பக்கத்துல மொதலாளி இருக்காருங்களா?"

"இருக்காரு."

"அப்ப நானே வந்தர்றனுங்க."

முதலாளி போனைப் பிடுங்கினார். "ஏன்ப்பா, பேர் சொல்றதுக்கு என்ன வெட்கம்? சும்னே சொல்லுப்பா, பேகா, சீக்கிரம்!" அவசரம் வந்தால் அவருக்குக் கன்னடமும் கூடவே வந்துவிடும்.

"லைன் சரியில்லீங்க சார். ஒண்ணுமே கேக்கலீங்க."

லைன் எவ்வளவு சுத்தமாக இருந்ததென்றால், உரக்கடை வாசலில் கோழி கொக்கரித்தது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் டாக்டரம்மா வந்துவிட்டார். ரயில்வேக்காரர் மகள், தமிழ்தான். ஒரு காபி குடித்தார். இன்னொரு காபி குடித்தார். முதலாளி மைசூரின் தட்பவெப்பம் பற்றி அரைமணி நேரம் பேசினார். டாக்டரம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது கேட் திறந்தது. நெற்றியில் சந்தனமும் கையில் தாம்பூலப் பையுமாக, கல்யாண வீட்டுக்கு வழி தவறியவர்போல ஆன்டெனா உள்ளே வந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனார்.

"எல்லாரும் கொஞ்சம் செவுத்தப் பாத்து நில்லுங்க."

நின்றோம். முதலாளி நின்றார். என்ன நினைத்தாரோ, டாக்டரம்மாவும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் டக் டக்கென்று சாவிகள் தட்டும் சத்தம்.

"வந்துருச்சுங்க!"

டாக்டரம்மா லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். கற்பனை நோயாளிகளின் கற்பனைக் காய்ச்சல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் முகம் மலர்ந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் திரையின் மூலையில் இருந்த நெட்வொர்க் பேரைக் கூர்ந்து பார்த்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"தூங்கு... மூஞ்சி?"

எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிடும் முதலாளிக்கு, நாங்கள் ஒருமனதாக வைத்திருந்த பேர் அது.

ஆன்டெனா நிதானமாகக் கையை உயர்த்தினார். "மரங்க. தூங்குமூஞ்சி மரமுங்க. இதுக்கடியிலதான் சிக்னல் நல்லா எடுக்குதுங்க."

முதலாளி மரத்தைப் பார்த்தார். ஆன்டெனாவைப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார்.

"நல்ல பேருதான்" என்றார். "ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மட்டும் கனெக்ஷன் கெடைக்காதுன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிடுங்க."

டாக்டரம்மாவுக்கு முழுதும் புரிந்திருக்காது. ஆனால் சிரித்தார். "எங்க ஆஸ்பத்திரிக்கு வேற பேர் வையுங்க. நர்சுங்க தப்பா எடுத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆன்டெனாவைத் தனியாகப் பிடித்தேன். "நிஜமாவே மரந்தானா?"

தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மூடத் தொடங்கியிருந்த நேரம். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மரந்தானுங்க. அப்பறம் ஒரு மத்தியானம் சார் தூங்கறதப் பாத்தனுங்க. ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுதுங்க. பாவம், யாருக்கும் ஒரு தொந்தரவுமில்ல."

அடுத்த வருஷம் எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. வழியனுப்ப ஆன்டெனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வறுத்த கடலைப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நின்ற நஞ்சன்கூடு பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்துக் கண் கலங்கக் கையசைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த யாரோ ஒரு பெரியவர் குழப்பத்தோடு பதிலுக்குக் கையசைத்தார். நான் கூப்பிட்டுத் திருத்தவில்லை. பஸ் திரும்பி அவர் மறையும்வரை, என் ஜன்னலிலிருந்து நானும் அவருக்குக் கையசைத்துக்கொண்டே போனேன்.